‘அட் தி மெர்சி ஆஃப்’, ‘அட் தி விம் ஆஃப்’: இரண்டுக்கும் ‘தயவில்’ என்று போட்டால் சரியா?

மெய்ப்புப்பேனா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் செய்கிறேன். இப்போது கையில் இருப்பது 1880களின் லண்டன் துறைமுகக் கூலிகளைப் பற்றிய ஒரு கட்டுரை. அதில் ஒரே ஒரு வாக்கியம் மூன்று நாளாக என்னை நகரவிடவில்லை. அந்த ஆட்கள் காற்றின் ‘மெர்சி’யிலும் (இரக்கம்), ஃபோர்மேனின், அதாவது மேஸ்திரியின், ‘விம்’மிலும் (மனதில் திடீரென்று தோன்றும் எண்ணம்) வாழ்ந்தார்கள் என்று வருகிறது.

நான் முதலில் எழுதியது: “காற்றின் தயவிலும் மேஸ்திரியின் தயவிலும் பிழைத்தார்கள்.” பதிப்பாசிரியர் இரண்டாவது ‘தயவை’ப் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் “இதில் தயவு எங்கே இருக்கிறது?” என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

பின்னணி தெரிந்தால்தான் உங்களால் சொல்ல முடியும். பாய்மரக் கப்பல்கள் இன்னும் வந்துகொண்டிருந்த காலம். எதிர்க்காற்று அடித்தால் கப்பல் வந்து சேராது, துறைமுகத்தில் வேலை இருக்காது. காற்று திரும்பிக் கப்பல் வந்துவிட்டாலும் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. விடியற்காலையில் வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் முண்டியடித்து நிற்பார்கள். ஃபோர்மேன் பார்த்து “நீ வா, நீ வா” என்று கூப்பிடுவார். அவர் கண்ணில் படவேண்டும் என்று ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக் கையை நீட்டுவார்களாம். கூப்பிட்டாலும் முழு நாள் வேலை என்று எண்ணிவிட முடியாது. ஒரு மணி நேரத்தில் “போதும், போ” என்று அனுப்பிவிடலாம்.

இந்த இரண்டு ‘அட் தி’க்களையும் தமிழில் எப்படிப் பிரித்துச் சொல்வது?

சேலத்துக்காரன்

‘இஷ்டத்துக்கு’ போதாதா? “மேஸ்திரி இஷ்டத்துக்கு ஆள் எடுத்தார்.” முடிந்தது.

மெய்ப்புப்பேனா

அதையும் எழுதிப் பார்த்தேன் சேலத்துக்காரரே. அப்படி எழுதினால் வாக்கியம் மேஸ்திரியுடையதாகிவிடுகிறது. அவர் எடுத்தார், அவர் இஷ்டம். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலைமாட்டில் இருப்பது வாசலில் நிற்கும் ஆள். அவன் எதுவுமே செய்யவில்லை, ஆனாலும் எழுவாய் அவன்தான். நான் இழக்க விரும்பாதது அதைத்தான்.

வேர்தேடி

‘மெர்சி’யின் பிறப்பைப் பார்த்தால் உங்கள் பதிப்பாசிரியரின் கேள்வி இன்னும் கூர்மையாகும். லத்தீனில் ‘மெர்செஸ்’ என்றால் கூலி, விலை. சரக்கைக் குறிக்கும் ‘மெர்க்ஸ்’ அதற்கு உறவு. இன்றைய ‘மெர்ச்சண்ட்’, ‘காமர்ஸ்’ எல்லாம் அந்தக் குடும்பம்தான். திருச்சபை லத்தீனில் அந்தக் கூலி, கடவுள் தரும் கூலியாகி, பிறகு இரக்கமாகியது. பிரெஞ்சில் அதே சொல் ‘மெர்சி’ என்று நன்றி சொல்லவும் பயன்படுகிறது, ‘ஆ லா மெர்சி தெ’ என்று ஒருவர் கையில் சிக்கியிருப்பதைச் சொல்லவும் பயன்படுகிறது.

ஆகவே ஆங்கிலேயன் ‘அட் தி மெர்சி’ என்னும்போது அங்கே கருணை நிறைந்திருப்பதாகச் சொல்லவில்லை. கருணை காட்டுவதும் காட்டாததும் எதிராளி கையில் இருக்கிறது என்கிறான். தமிழில் ‘தயவில்’ என்று போட்டதும் அந்தத் தயவு ஏற்கெனவே கிடைத்துவிட்டது போல ஆகிறது. “அண்ணன் தயவில் படித்தேன்” என்றால் அண்ணன் படிக்கவைத்தார் என்றுதானே பொருள்? சிக்கல் அந்த இடத்தில்தான்.

‘விம்’முக்கு இவ்வளவு நீண்ட பூர்வீகம் கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் ‘விம்வாம்’ என்று ஒரு சொல் இருந்தது, வேடிக்கையான சின்னப் பொருளுக்கு. அந்த வழியில் வந்ததுதான் ‘விம்’ என்பார்கள். மனதில் திடீரென்று முளைக்கும் எண்ணம் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் வருகிறது. விளையாட்டுப் பொருள்போல மனதில் தோன்றிய ஒன்று. ஒருவருக்கு விளையாட்டு, வாசலில் நிற்பவருக்கு அன்றைய கூலி. கட்டுரை ஆசிரியர் தெரிந்தேதான் இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கறுப்புக்கோட்டு

வேர்தேடி ஐயா சொன்னதற்குச் சட்டத்தின் பக்கமிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் ‘மெர்சி’யில் விழுவது வெறும் உவமை இல்லை, நீதிமன்ற நடைமுறை. வழக்கில் தோற்றவன், தப்பாக வழக்குப் போட்டவன், தவணைக்கு வராதவன், எல்லோரும் மன்னரின் ‘மிசெரிகோர்தியா’வில் விழுந்ததாக ஏட்டில் பதிவார்கள். லத்தீனில் அதற்கு இரக்கம் என்று பொருள். நடைமுறையில் அதன் பொருள், அபராதம் எவ்வளவு என்பதை மன்னரின் ஆட்கள் பார்த்துப் போடுவார்கள் என்பது. அந்த அபராதத்துக்கே ‘அமெர்ஸ்மெண்ட்’ என்று பெயர், ‘ஆ மெர்சி’ என்பதிலிருந்து வந்தது. தொகைக்கு வரையறை இல்லாததுதான் அதன் பயங்கரம்.

1215 ஜூனில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னரை ஒத்துக்கொள்ளவைத்த மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயத்தின் 20ஆம் பிரிவு இதைத்தான் பிடிக்கிறது. அபராதம் குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். பிழைப்பே போகும்படி போடக்கூடாது. வணிகனுக்குச் சரக்கை விட்டுவைக்கவேண்டும், பண்ணையில் உழுபவனுக்கு உழவுக் கருவிகளை விட்டுவைக்கவேண்டும். தொகையை அக்கம்பக்கத்து நேர்மையான ஆட்கள் சத்தியம் செய்து சொல்லவேண்டும். கலப்பையை விட்டுவை என்று ஒரு மன்னனிடம் எழுதி வாங்கவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கலப்பைதான் கண்ணில் நிற்கும்.

‘மெர்சி’, ‘விம்’ இரண்டோடும் இன்னொரு சகோதரச் சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்: ‘அட் தி பிளஷர் ஆஃப்’. மன்னர் விரும்பும் வரை பதவி. தலைமை நீதிபதி எட்வர்ட் கோக், முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குப் பணிந்து போகாததால் 1616இல் பதவி பறிக்கப்பட்டவர். நீதிபதிகள் ஒழுங்காக நடக்கும் வரை பதவியில் இருக்கலாம், மன்னர் நினைத்தால் தூக்க முடியாது என்று சட்டம் வர 1701 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

நம் அரசியலமைப்பின் 310ஆம் பிரிவில் அந்த ‘பிளஷர்’ இன்றும் இருக்கிறது. அரசு ஊழியர் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ விரும்பும் வரைதான் பணியில் இருக்கிறார். ஆனால் அடுத்த பிரிவான 311, விசாரிக்காமல் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று அதற்குக் கடிவாளம் போடுகிறது.

‘விம்’ நம் நாட்டுத் தீர்ப்பு ஒன்றிலும் வருகிறது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு. ராயப்பா எதிர் தமிழ்நாடு அரசு, 1974ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. தலைமைச் செயலாளராக இருந்தவர், தன்னை வேறு பதவிக்கு மாற்றியது பழிவாங்கல் என்று உச்ச நீதிமன்றம் போனார். அவர் தோற்றார். ஆனால் நீதிபதி பகவதி எழுதிய பகுதி நின்றுவிட்டது. சமத்துவமும் தான்தோன்றித்தனமும் ஜென்மப் பகையாளிகள், ஒன்று குடியரசின் சட்ட ஆட்சிக்கு உரியது, மற்றது எதேச்சாதிகார மன்னனின் ‘விம்’முக்கும் ‘காப்ரீஸு’க்கும் (மனம்போன போக்கு) உரியது என்றார். மனுதாரர் தோற்ற வழக்கிலிருந்து எடுத்த அந்த வரியை எத்தனையோ பேர் தங்கள் வழக்கில் எடுத்துக் காட்டுகிறோம். நானும் காட்டியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

முப்பத்திரண்டு ஆண்டு ஆங்கில இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் ஒரு சின்ன விஷயம் அம்மா. ‘மெர்சி’க்கு மனம் தேவையில்லை. அலை, காற்று, வெள்ளம், சந்தை விலை எதன் ‘மெர்சி’யிலும் ஒருவர் இருக்கலாம். ‘விம்’முக்கு மனம் வேண்டும், ஏனென்றால் அது மனதில் தோன்றுவது. காற்றுக்கு ‘விம்’ என்று எழுதினால் காற்றை ஆளாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால்தான் உங்கள் கட்டுரையாளர் காற்றுக்கு ஒன்றும் ஃபோர்மேனுக்கு ஒன்றுமாகப் பிரித்திருக்கிறார்.

‘பெக் அண்ட் கால்’ என்று இன்னொன்று உண்டு. அதை இதோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. அது கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. வேலை இருக்கிறது, ஓயாமல் இருக்கிறது. உங்கள் ஆட்களின் துயரம் கூப்பிடாமல் போவது.

தமிழுக்கு வருகிறேன். நம்மிடம் இரண்டுக்கும் குடுமி இருக்கிறது. “என் குடுமி அவன் கையில்” என்பது ‘மெர்சி’. “வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை” என்பது ‘விம்’. நடுவில் எதுவும் இல்லாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவுகிற மனம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

டொரண்டோ_தமிழ்

சேர் சொன்ன குடுமி எங்கட பக்கமும் இருக்கு. யாழ்ப்பாணத்தில எங்கட அம்மம்மா “அவையின்ர கையப் பாத்துக்கொண்டு இருக்கிறம்” எண்டு சொல்லுவா. ஆர் என்ன தருவினம், எப்ப தருவினம் எண்டு தெரியாது, ஆனா கையப் பாக்கவேணும். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில இருந்த நேரம் நிவாரண அரிசிக்கு வரிசையில நிண்டபோதும் இதைத்தான் சொன்னவ. எனக்கு அப்ப ஒன்பது வயது. அந்தச் சொல்லை இப்பவும் கேட்டால் ஈரச் சாக்கின்ர மணம்தான் வரும்.

மெய்ப்புப்பேனா

டொரண்டோ நண்பருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ‘கையைப் பார்த்து’ என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஆசிரியர் ஐயா, குடுமி அருமை. ஆனால் லண்டன் கூலியின் தலையில் குடுமி வைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வாசகர் கண்முன் அந்த ஊரும் பனியும் தொப்பியும் வந்துகொண்டிருக்கும்போது குடுமி என்று படித்தால் காட்சி கலைந்துவிடாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

கலையாது என்பேன். “கையும் களவுமாகப் பிடிபட்டான்” என்று எந்த நாட்டுக் கதையிலும் எழுதுகிறோம். மரபுத்தொடரில் குடுமி மயிராக இல்லை, பிடியாகத்தான் இருக்கிறது.

வேர்தேடி

ஐயாவோடு இங்கே நான் மாறுபடுகிறேன். ‘குடுமி அவன் கையில்’ என்றால் என் ரகசியமோ பலவீனமோ அவனுக்குத் தெரியும், அதை வைத்து ஆட்டுகிறான் என்ற சாயல் வந்துவிடும். கடன் பத்திரம் அவரிடம் இருக்கிறது, குடுமி அவர் கையில் என்போம். துறைமுகக் கூலியை அந்த ஃபோர்மேனுக்கு முகம்கூடத் தெரியாது. எதையும் பிடித்துவைத்திருக்கவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. இவன் இல்லாவிட்டால் பின்னால் நூறு பேர்.

கோப்புக்காரி

நான் ஒரு அரசு அலுவலகத்தில் இருபது வருடம் இளநிலை உதவியாளராக இருந்தவள். பெயர் வேண்டாம். நாங்கள் ‘விம்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் தினமும் அதற்குள்தான் இருந்தோம். எங்கள் சொல் ‘மூடு’. மேலதிகாரி அறைக்குள் கோப்பை எடுத்துப் போகுமுன் வாசலில் இருக்கும் அலுவலக உதவியாளரிடம் மெதுவாகக் கேட்போம்: “ஐயா மூடு எப்படி?” அவர் வாய் திறக்கமாட்டார். தலையை இடம் வலமாக ஒருமுறை ஆட்டினால் கோப்பு திரும்பி மேசைக்குப் போய்விடும்.

ஒருநாள் ஒரு விதவைத் தாயின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு. எல்லாத் தாளும் சரியாக இருந்தது. தலை ஆட்டினார், நானும் திரும்பிவிட்டேன். மறுநாள் அதிகாரி விடுப்பு. அதற்கு மறுநாள் வேறு காரணம். பதினோரு நாள் அந்தக் கோப்பு என் மேசையில் பச்சைக் கயிறு கட்டியபடி இருந்தது. அந்த அம்மா தினமும் வந்து, பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நிற்பார். “நீங்க மனசு வச்சா முடியும்மா” என்பார். என் மனசில் ஒன்றுமே இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? நான் வேறு ஒருவர் மனசைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் மனசைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே துணிந்து உள்ளே போயிருக்கவேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உங்கள் வாக்கியத்துக்கு ‘மனசு வைத்தால்’ உதவுமா பாருங்கள். மக்கள் வாயில் இருப்பது அதுதான்.

மெய்ப்புப்பேனா

அக்கா, இதைப் பகிர்ந்ததற்கு நன்றி. ‘மனசு வைத்தால்’ மிகச் சரியான சொல். ஆனால் கூப்பிடுபவர் மனசு வைக்கக்கூட இல்லை என்பதுதான் இங்கே கொடுமை. விரலைச் சும்மா நீட்டுகிறார்.

கறுப்புக்கோட்டு

அந்த விரலுக்கு என்ன ஆனது என்பதையும் மொழிபெயர்ப்பில் விட்டுவிடாதீர்கள். 1889 ஆகஸ்டில் தொடங்கிய லண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது மணிக்கு ஆறு பென்ஸ் கூலி என்ற கோரிக்கை. எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது இன்னொரு கோரிக்கை: கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலை தரவேண்டும். ஒரு மணி நேரத்தில் “போ” என்று சொல்லும் உரிமையில் கை வைத்தது அதுதான். பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் முன்னின்று நடத்தினார்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் திரட்டி அனுப்பிய சுமார் 30,000 பவுன்தான் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. செப்டம்பரில் வென்றார்கள். ஆனாலும் காலையில் வாசலில் நிற்பது போகவில்லை. பதிவு செய்த தொழிலாளிக்கு வேலை இல்லாத நாளுக்கும் ஒரு தொகை என்ற ஏற்பாடு 1947இல்தான் வந்தது. 1989இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் வேறு கதை. அங்கே வேலையே ‘அட் வில்’, முதலாளி விரும்பும் வரை. நல்ல காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும், ஏன், அறம் கெட்ட காரணத்துக்காகவும்கூட நீக்கலாம் என்று 1884இல் டென்னசி மாநில நீதிமன்றம் எழுதியது. பிறகு பல விலக்குகள் வந்துவிட்டன. ஆனால் காரணமில்லாமல் நீக்கக்கூடாது என்று பொதுச் சட்டமே போட்ட மாநிலம் மொண்டானா ஒன்றுதான், 1987இல்.

வண்டிக்கார_தம்பி

அண்ணே, அக்கா, நான் இந்த மாதிரி விஷயம் படிச்சவன் இல்ல. கோயம்புத்தூர்ல டெலிவரி வண்டி ஓட்டுறேன். கோப்புக்காரி அக்கா எழுதினதப் படிச்சதும் சொல்லணும்னு தோணுச்சு.

போன மாசம் எனக்கு ஐடி பிளாக் ஆயிடுச்சு. எதுக்குன்னு தெரியல. காலைல ஆப் திறந்தா சிவப்பு எழுத்து. ஹெல்ப்ல எழுதினா ‘உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது’ன்னு அதே பதில் நாலு தடவை வந்துச்சு. டீம் லீடருக்குப் போன் போட்டா “சிஸ்டம்தான்டா பிளாக் பண்ணுது, என் கையில ஒண்ணும் இல்ல” அப்படிங்கறாரு. அக்காவுக்காவது கேட்கறதுக்கு ஒரு ஐயா இருந்தாரு, அவரு மூடு பார்க்கலாம். நான் யாரு மூடைப் பார்க்கறது?

மெய்ப்பு அக்கா, நீங்க ‘பிழைத்தார்கள்’னு போட்டிருக்கீங்க. எங்க பசங்க யாரும் வேலை பாக்குறோம்னு சொல்ல மாட்டாங்க. “எங்கடா இருக்க?”ன்னா “பிரியாணிக் கடை வாசல்ல நிக்கிறேன்” அப்படிம்பான். ஆர்டருக்கு நிக்கிறோம், அவ்வளவுதான். எங்கப்பா கொத்து வேலை. அவரும் காலைல அஞ்சரைக்கு டிபன் பாக்ஸோட போனா “வேலைக்கு நிக்கப் போறேன்”னுதான் சொல்லுவாரு. மேஸ்திரி கூப்பிட்டாதான் வேலை, அதுவரைக்கும் நிக்கிறதுதான்.

முதுகுளத்தூரான்

தம்பி சொன்ன ‘நிற்கிறது’தான் சரியான சொல். என் பங்குக்கு ஒன்று. நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம், மானாவாரி. எங்கள் நிலத்துக்கு என்ன பெயர்? வானம் பார்த்த பூமி. யாருடைய தயவும் இல்லை, கருணையும் இல்லை. பார்க்கிறது, அவ்வளவுதான். ‘மெர்சி’க்கு மனம் வேண்டாம் என்று ஆசிரியர் ஐயா சொன்னதும் எனக்கு இதுதான் தோன்றியது. காற்றுக்கு இதைவிடப் பொருத்தமாக எது வரும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்

குடுமியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வானம் பார்த்த பூமி! இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இது தோன்றவில்லையே. அந்தப் ‘பார்த்த’ என்ற சொல்லை மட்டும் கைவிடாதீர்கள் அம்மா. டொரண்டோப் பிள்ளை சொன்ன கையும் அதில்தான் வருகிறது.

மெய்ப்புப்பேனா

எல்லோருடையதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேற்று இரவு உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், எனக்கு மூன்றாகிவிட்டது. பதிப்பாசிரியருக்கு அனுப்பியது இது:

“வானம் பார்த்த பூமியைப்போல அவர்கள் முதலில் காற்றைப் பார்த்து நின்றார்கள். காற்று திரும்பிக் கப்பல் வந்த பிறகு மேஸ்திரியின் முகத்தைப் பார்த்து நின்றார்கள். அவர் விரல் எந்தப் பக்கம் நீளும் என்பது அவருக்கே அந்த நொடிவரை தெரியாது.”

‘தயவு’ போய்விட்டது, எழுவாயாக அந்த ஆள் இருக்கிறான். மூன்றாவது வாக்கியம் மூலத்தில் இல்லையே என்று அவர் கேட்பார் என்று தெரியும். ‘விம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இருப்பதைத்தான் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன் என்று குறிப்பு எழுதியிருக்கிறேன். வேர்தேடி ஐயா, அந்தக் குறிப்புக்கு உங்கள் ‘விம்வாம்’ விளக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்காரத் தம்பி, ‘நின்றார்கள்’ உங்களுடையது. எடுத்துக்கொள்ளலாமா? ஐடி திறந்துவிட்டார்களா?

கறுப்புக்கோட்டு

தம்பி, பிளாக் செய்த தேதி, அந்தச் சிவப்பு எழுத்து, வந்த நான்கு பதில்கள், எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பை அழித்துவிடாதீர்கள். வேலையில் சேரும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் இருந்தால் அதையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். காரணம் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புவோம், நானே எழுதித் தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம்.

வண்டிக்கார_தம்பி

தாராளமா எடுத்துக்கோங்க அக்கா. இன்னும் திறக்கல. வக்கீல் அண்ணே, மூணு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, நாலாவது அழிஞ்சுடுச்சு, பசங்ககிட்ட கேட்டுப் பார்க்கறேன். இப்போதைக்கு அப்பாகூடக் காலைல போறேன். இன்னைக்குக் கூப்பிட்டாங்க, சித்தாள் வேலை.